நாற்று விட்டு வளர்த்தவர்: பிராஞ்ச் ரிக்கி

நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கோடைக்கால மாலைகளில் அங்கே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் பேஸ்பால் ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஊர் தீவிர ரசிகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தங்கள் அணியின் ஆட்டம் முடிந்த பிறகும் போனை வைக்க மாட்டார்கள். எங்கோ ஒரு சிறிய ஊரில், நாம் பெயரே கேட்டிராத பத்தொன்பது வயதுப் பையன் அன்று எத்தனை பந்து அடித்தான் என்று தேடிப் பார்ப்பார்கள்.

அந்தப் பையனும் அவர்களுடைய அணியைச் சேர்ந்தவன்தான். மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாக நான்கு மைனர் லீக் அணிகள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸை எடுத்துக்கொண்டால், ஃபுளோரிடாவில் பாம் பீச், இல்லினாயில் பியோரியா, மிசௌரியில் ஸ்பிரிங்ஃபீல்டு, கடைசிப் படியாக டென்னசியில் மெம்ஃபிஸ். பையன் ஒவ்வொரு படியாக ஏறி வர வேண்டும். பெரும்பாலோர் மேலே வந்து சேர்வதே இல்லை. வருகிறவனை முதல் படியிலிருந்தே பார்த்தவர்களுக்குச் சொந்தப் பிள்ளை பட்டம் வாங்கியதுபோல ஒரு சந்தோஷம்.

இந்த ஏணியைக் கட்டியவர் பிராஞ்ச் ரிக்கி. ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை மேஜர் லீக்குக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைப் பலர் அறிவார்கள். அந்த வேலைக்கும் இந்த ஏணிக்கும் உள்ள தொடர்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த இதழில் அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆடாதவர்

1881 டிசம்பர் 20 அன்று ஒஹையோ மாநிலத்தின் தென்பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்த, பக்தி மிகுந்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போவதில்லை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தார். கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, தானே புத்தகம் வைத்துப் படித்து, ஒஹையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். செலவுக்காகப் பேஸ்பாலும் கால்பந்தும் ஆடினார்.

1904இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணி அவரை எடுத்தது. ஞாயிறு ஆட்டத்துக்கு வர மாட்டேன் என்றதும் விடுவித்துவிட்டது. பிறகு செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸிலும் நியூயார்க்கிலும் ஆடினார். கேட்ச்சர், அதாவது நம் விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்காரருக்குப் பின்னால் உட்காருபவர். எதிரணிக்காரர் ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு நைசாக ஓடும்போது பந்தை எறிந்து அவரைத் தடுப்பதும் கேட்ச்சரின் வேலை. 1907 ஜூனில் கை வலியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் வாஷிங்டன் அணி அவர் முன்னால் 13 முறை அப்படி ஓடித் தப்பியது. வேண்டாத சாதனையாக அது இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. மேஜர் லீக்கில் அவர் அடித்த ஹோம் ரன் மொத்தமே மூன்று.

ஆட்டக்காரராக அத்தோடு முடிந்தது. நடுவில் காசநோய் வந்து, நியூயார்க் மாநிலத்தின் சரனாக் லேக் சானடோரியத்தில் இருந்து மீண்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். படித்துக்கொண்டே கல்லூரி அணிக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஐடஹோவின் பாய்சியில் வக்கீல் அலுவலகம் திறந்தார். கட்சிக்காரர்கள் வரவில்லை. 1913இல் பழைய பிரௌன்ஸ் அணியே நிர்வாக வேலைக்குக் கூப்பிட்டது. வயது 31. தான் ஆடி ஜெயிப்பதைவிட, யார் ஆடுவார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான் தனக்குத் திறமை என்பது அதற்குள் அவருக்குப் புரிந்திருந்தது.

வீட்டுக் கம்பளம் அலுவலகத்துக்கு

1917இல் அதே ஊரின் இன்னோர் அணியான கார்டினல்ஸுக்கு மாறினார். நடுவில் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பினார். அணி கடனில் இருந்தது. தெற்கே போய்ப் பயிற்சி முகாம் நடத்தக் காசில்லாமல் 1919இல் உள்ளூரிலேயே நடத்தினார்கள். முக்கியமான ஆட்கள் வரும் நாளில் அலுவலகம் பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தன் வீட்டுக் கம்பளத்தைக் கொண்டுவந்து விரித்தாராம் ரிக்கி.

அந்தக் காலத்தில் மைனர் லீக் அணிகள் தனித்தனி முதலாளிகளுடையவை. நல்ல பையன் ஒருவன் தெரிந்தால் பெரிய அணிகள் விலை பேசி வாங்கிக்கொள்ளும். ரிக்கிக்கு யார் தேறுவார் என்று சரியாகத் தெரியும், ஆனால் கையில் பணமில்லை. அவர் ஒரு பையனை விசாரித்ததுமே அந்தச் சிறிய அணியின் முதலாளிக்கு விஷயம் புரிந்துவிடும். ரிக்கியே கேட்கிறார் என்றால் சரக்கு நல்ல சரக்கு என்று, நியூயார்க் ஜயண்ட்ஸ் போன்ற பணக்கார அணிக்குத் தந்தி அடித்து அதிக விலைக்கு விற்றுவிடுவார். கண்டுபிடிப்பது ரிக்கி, அறுவடை வேறொருவருக்கு.

சந்தையில் போட்டி போட முடியாதவன் என்ன செய்வான்? வீட்டிலேயே நாற்று விடுவான். ரிக்கி அதைத்தான் செய்தார். ஆர்கன்சாவில் ஃபோர்ட் ஸ்மித், டெக்சஸில் ஹூஸ்டன், நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் என்று 1919இலிருந்து சில ஆண்டுகளுக்குள் சிறிய அணிகளில் பங்குகளை வாங்கினார். அணித் தலைவரான சாம் பிரெடன் 1920இல் கார்டினல்ஸின் பழைய மரக்கொட்டகை மைதானத்தை விற்றார். ஒரு பகுதி பள்ளிக்கூடம் கட்ட, ஒரு பகுதி டிராம் கம்பெனிக்கு என்று சுமார் 2,75,000 டாலர் வந்தது. பிரௌன்ஸின் மைதானத்தில் வாடகைக்கு ஆடிக்கொண்டு, அந்தப் பணத்தில் கடனை அடைத்து, நாற்றங்காலுக்கும் தண்ணீர் பாய்ச்சினார்கள். அமெரிக்கர்கள் இதற்கு வைத்த பெயரும் விவசாயப் பெயர்தான்: பண்ணை முறை.

ரிக்கியின் கணக்கு எளிமையானது. பதினேழு வயதில் எவன் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டம், எறியும் கை, அடியின் பலம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மற்றதைக் கற்றுக்கொடுக்கலாம். வகுப்பு மாற்றுவதுபோல ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். கடைசியில் சிலர் தேறுவார்கள். மிஞ்சியவர்களில் நல்லவர்களை மற்ற அணிகளுக்கு விற்றால் செலவுக்கும் ஆகும்.

1926இல் கார்டினல்ஸ் முதல்முறையாக உலகத் தொடரை வென்றது. தோற்றது பேப் ரூத் ஆடிய நியூயார்க் யாங்கீஸ். 1931, 1934, 1942 என்று மேலும் மூன்று வெற்றிகள். 1940 வாக்கில் கார்டினல்ஸின் கையில் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ 32 அணிகள், 600க்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள். சிரித்த மற்ற அணிகளும் அதற்குள் அதே வழிக்கு வந்துவிட்டிருந்தன.

ஒரு நாற்றின் கதை

பென்சில்வேனியாவின் டொனோரா என்ற தொழிற்சாலை ஊரில் போலந்து நாட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன் ஸ்டான் மூசியல். 1938இல் மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்சன் அணியில், கடைசிப் படியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 65 டாலர். அப்போது அவர் பந்து வீசுபவர். இரண்டு ஆண்டு கழித்து ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் 18 ஆட்டங்களை வென்று கொடுத்தார். வீசாத நாட்களில் வெளிக்களத்தில் நின்று ஆடுவார். அப்படி ஒருநாள் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து விழுந்ததில் இடது தோள் போனது. அவர் வீசும் கை அதுதான்.

தனி முதலாளியின் சிறிய அணியாக இருந்தால் அன்றோடு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். பண்ணையில் இன்னொரு பாத்திக்கு மாற்றி நட இடமிருந்தது. 1941இல் மிசௌரி ஸ்பிரிங்ஃபீல்டில் மட்டைக்காரராக மட்டும் ஆடினார். பேஸ்பாலில் சராசரி 0.300ஐத் தாண்டினாலே நல்ல பெயர். மூசியல் எடுத்தது 0.379. நடுவிலேயே ரோச்செஸ்டருக்கு ஏற்றினார்கள். செப்டம்பரில் செயின்ட் லூயிஸுக்கு வந்துவிட்டார். பிறகு தன் காலம் முழுவதும் கார்டினல்ஸுக்கே ஆடி 3,630 முறை வெற்றிகரமாக அடித்தார். நாம் முதலில் பார்த்த பட்டியலில் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு இதே ஊர்தான்.

தோட்டமா, கூண்டா?

மூசியலின் கதை எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அன்றைய ஒப்பந்தப்படி கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரர் அணிக்கே உரியவர். அணி விடுவித்தாலொழிய வேறு அணிக்குப் போக முடியாது. வேறோர் அணியில் மேஜர் லீக் ஆடும் தகுதி இருந்தும், கார்டினல்ஸில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார் என்பதாலேயே கீழ்ப்படியில் வருடக்கணக்கில் கிடந்தவர்கள் உண்டு. சங்கிலியில் பிணைத்த கைதிக் கூட்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. மேல் அணியிலும் சம்பளத்துக்கு ரிக்கியிடம் போராட வேண்டும். கேட்டால், அந்த இடத்துக்கு ஏங்கும் பத்துப் பேர் கீழே இருந்தார்கள். ஆட்டக்காரர்களை விற்கும் பணத்தில் ரிக்கிக்கும் ஒரு பங்கு போனது. ஞாயிற்றுக்கிழமை வாக்கைக் காப்பாற்றியவரின் மேல் கஞ்சன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் சிறிய ஊர் அணிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மேல் அணியின் பணம் வந்ததால்தான் பல ஊர்களில் ஆட்டம் நிற்காமல் நடந்தது.

பேஸ்பாலின் தலைமை ஆணையர் கெனசா மௌண்டன் லாண்டிஸ், முன்னாள் நீதிபதி. பண்ணை முறையை அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஒரே லீக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளைக் கார்டினல்ஸ் மறைமுகமாக ஆட்டிவைக்கிறது என்று கண்டு, 1938இல் எழுபதுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்களை ஒரே உத்தரவில் விடுவித்தார். அதில் ஒருவர் பீட் ரெய்சர். புரூக்ளினுக்குப் போய், 1941இல் நேஷனல் லீக்கின் சிறந்த சராசரி எடுத்தார்.

ஆட்டக்காரர்களின் உரிமைக்காக நின்ற இதே லாண்டிஸின் ஆட்சிக்காலம் முழுவதிலும், 1944இல் அவர் இறக்கும்வரை, ஒரு கறுப்பின வீரர்கூட மேஜர் லீக்கில் ஆடவில்லை. கூண்டு கட்டினார் என்று பெயர் வாங்கிய ரிக்கிதான் அந்தக் கதவைத் திறந்தார்.

மாண்ட்ரியல் வழியாக

ரிக்கி அடிக்கடி நினைவுகூர்ந்த சம்பவம் ஒன்று உண்டு. கல்லூரி அணியை அழைத்துக்கொண்டு இண்டியானாவின் சௌத் பெண்டுக்குப் போயிருந்தார். அணியில் இருந்த ஒரே கறுப்பின மாணவர் சார்ல்ஸ் தாமஸ். ஓட்டலில் அவருக்கு அறை தர மறுத்தார்கள். ரிக்கி வாதாடி, தன் அறையிலேயே கட்டில் போட வைத்தார். அன்று இரவு அந்த இளைஞர், தோல் நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட முடியாதா என்பதுபோலத் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டு அழுதாராம். அந்தக் காட்சி ரிக்கியின் மனதை விட்டு அகலவில்லை.

1942 இறுதியில் அவர் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு மாறினார். போரின்போது மற்ற அணிகள் பையன்களைத் தேடுவதையே குறைத்துக்கொண்டிருக்க, ரிக்கி உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்களுக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதி ஆள் சேர்த்தார். டியூக் ஸ்னைடர், கில் ஹாட்ஜஸ் எல்லாம் அந்த விதைப்பில் வந்தவர்கள். அடுத்து, எவரும் தொடாத நிலத்துக்கு வந்தார். கறுப்பின வீரர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளைப் பார்த்துவர ஆட்களை அனுப்பினார். மனசாட்சியும் இருந்தது, நல்ல ஆட்டக்காரர்களை முதலில் பிடித்துவிட வேண்டும் என்ற வியாபாரக் கணக்கும் இருந்தது. இரண்டையும் அவர் ஒளிக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 28 அன்று தன்னுடைய ஆள் கிளைட் சுக்ஃபோர்த் அழைத்துவந்த ஜாக்கி ராபின்சனோடு மூன்று மணி நேரம் போலப் பேசினார். மைதானத்தில் கேட்கக்கூடிய வசவுகளையெல்லாம் தானே நடித்துக் காட்டினார். முதல் காலத்தில் திருப்பி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. ராபின்சன் ஒப்புக்கொண்டார்.

இங்கேதான் அந்த ஏணி கைகொடுத்தது. நேராகப் புரூக்ளினில் இறக்கியிருந்தால் முதல் நாளே எல்லாக் கண்களும், எல்லா வெறுப்பும் அவர் மேல். ரிக்கியின் கையில் கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு மைனர் லீக் அணி இருந்தது. இன வெறுப்பு ஒப்பீட்டளவில் குறைந்த ஊர். 1946 வசந்தகாலப் பயிற்சியில் ஃபுளோரிடாவின் சான்ஃபோர்டிலிருந்து ராபின்சன் வெளியேற வேண்டியிருந்தது. ஜாக்சன்வில்லில் மைதானத்தையே பூட்டினார்கள். ஏப்ரல் 18 அன்று ஜெர்சி சிட்டியில் முதல் ஆட்டம். ராபின்சன் நான்கு முறை வெற்றிகரமாக அடித்தார், அதில் ஒன்று ஹோம் ரன். மாண்ட்ரியல் 14-1 என்று வென்றது. அந்த ஆண்டு 0.349 சராசரியோடு லீக்கிலேயே முதலிடம். மாண்ட்ரியல் ரசிகர்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அதே ஆண்டு நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவாவில், இன்னும் கீழான படியில், ராய் காம்பனெல்லாவும் டான் நியூகோம்பும் ஆடினார்கள். வால்டர் ஆல்ஸ்டன் அவர்களின் மேலாளர். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் புரூக்ளினில் இறங்கினார். 1955இல் டாட்ஜர்ஸ் முதல் உலகத் தொடரை வென்றபோது ராபின்சன், காம்பனெல்லா, நியூகோம்ப், ஸ்னைடர், ஹாட்ஜஸ் எல்லோரும் அணியில் இருந்தார்கள். மேலாளர் ஆல்ஸ்டன். ரிக்கி அப்போது அங்கே இல்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ராபின்சன் அதுவரை ஆடிய கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸுக்கு ரிக்கி ஒரு டாலர்கூடத் தரவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போக, நீக்ரோ லீக்குகள் சில ஆண்டுகளில் மங்கிப்போயின. தன் நாற்றைப் பணக்காரர்கள் பறித்துப் போனதால் வெகுண்டவர், இங்கே தானே பறித்துப் போனார்.

தன் வயலிலிருந்தே ஒரு நாற்று

பங்குதாரர் வால்டர் ஓ'மாலியோடு ஒத்துப்போகாமல் 1950இல் தன் பங்கை விற்றுவிட்டுப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போனார். அங்கே பழைய வித்தை சீக்கிரம் பலிக்கவில்லை. 1952இல் அணி 112 ஆட்டங்களில் தோற்றது. தலையில் பந்து படாமலிருக்க ஆட்டக்காரர்களுக்குக் கடினமான தலைக்கவசம் போடவைத்தது அந்தக் காலத்தில்தான். அதைத் தயாரித்த கம்பெனியிலும் ரிக்கிக்குப் பங்கு உண்டு.

திறமையான பையன்களை ஓர் அணி கீழேயே பதுக்கிவைக்கக் கூடாது என்பதற்காக ஒரு விதி இருந்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் மேலே ஏற்றாத ஆட்டக்காரரை, சிறு தொகை கொடுத்து இன்னோர் அணி எடுத்துக்கொள்ளலாம். ரிக்கி போன்றவர்களைக் கட்டுப்படுத்தவே இத்தகைய விதிகள் வந்தன. 1954இல் டாட்ஜர்ஸ் ஒரு போர்ட்டோ ரிக்கோ இளைஞரை யார் கண்ணிலும் படாமல் மாண்ட்ரியலில் அதிகம் ஆடவிடாமல் வைத்திருந்தது. வேறொருவரைப் பார்க்கப் போன சுக்ஃபோர்த் அவரைப் பார்த்துவிட்டார். அவர் இப்போது ரிக்கியோடு பிட்ஸ்பர்கில் இருந்தார். நவம்பரில் 4,000 டாலருக்கு அந்த இளைஞரைப் பைரேட்ஸ் எடுத்துக்கொண்டது. அவர் ராபர்ட்டோ கிளெமண்டே. 1960இல் பைரேட்ஸ் உலகத் தொடரை வென்றது. ரிக்கி ஐந்து ஆண்டுக்கு முன்பே அந்தப் பொறுப்பை விட்டிருந்தார். அவர் நட்டதை இந்த முறையும் வேறொருவர் அறுத்தார்.

1965 நவம்பர் 13 அன்று, மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து, மிசௌரியின் கொலம்பியாவில் ஒரு பாராட்டு விழாவில் பேசினார். பேச்சின் நடுவிலேயே சாய்ந்தார். நினைவு திரும்பவில்லை. டிசம்பர் 9 அன்று, 84ஆம் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கையில் காலமானார்.

இன்றைய நாற்றங்கால்

பதுக்கலைத் தடுக்கும் அந்த விதி இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் ரசிகர்கள் தங்கள் அணி யாரைப் பறிகொடுக்கப் போகிறதோ என்று கவலையோடு காத்திருப்பார்கள். 2021இல் ஏணியைச் சுருக்கி மொத்தம் 120 அணிகள் ஆக்கினார்கள். அதில் நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்கள் தங்கள் இணைப்பை இழந்தன. கீழ்ப்படி ஆட்டக்காரர்களின் சம்பளம் ரிக்கி காலத்துக் கஞ்சத்தனத்திலேயே நெடுநாள் கிடந்தது. 2022இல்தான் அவர்கள் சங்கமாகச் சேர்ந்தார்கள். 2023இல் போட்ட முதல் ஒப்பந்தத்தில் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. லாண்டிஸ் ஒரு உத்தரவால் முடிக்க நினைத்ததற்கு 85 ஆண்டுகள் பிடித்தன.

அடுத்த முறை பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது பக்கத்து ஊரில் மைனர் லீக் ஆட்டம் இருந்தால் ஒரு மாலை போய் உட்கார்ந்து பாருங்கள். டிக்கெட் விலை குறைவு, ஆட்டக்காரர்கள் கூப்பிடு தூரத்தில் நிற்பார்கள். ஒரு பையனின் பெயரைக் குறித்துக்கொண்டு வாருங்கள். ஊர் திரும்பிய பிறகு அவன் அடுத்த படி ஏறினானா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பேரப்பிள்ளைகளோடு போனில் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அவன் ஏறாமலே போனாலும், எத்தனை பேரை நம்பி நட்டால் ஒருவர் தேறுகிறார் என்ற ரிக்கியின் கணக்கு நமக்கும் கொஞ்சம் புரியும்.